மனை விற்றாயிற்று, வீடு எழும்பவில்லை: புறநகர் லேஅவுட்டில் பாதுகாப்பு எங்கே தவறுகிறது?

மதுரையிலிருந்து நத்தம் சாலையில் போங்கள், மேலூர் சாலையில் போங்கள், திருமங்கலம் பக்கம் போங்கள். கலர் கொடி கட்டிய மனைப்பிரிவு ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. ஒரு வளைவு, புதுத் தார்ச்சாலை, எண் எழுதிய கல். நோட்டீஸில் '24 மணி நேரப் பாதுகாப்பு' என்று ஒரு வரி. அந்த வரிக்கு ஆதாரமாக வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் ஒரு கேட்டும் ஒரு வாட்ச்மேன் அறையும்தான் அகப்படும்.

குடியிருப்பு நிரம்பிய பிறகு அந்த இரண்டும் ஓரளவு போதலாம். ஆனால் புது மனைப்பிரிவுக்கு ஆபத்தான காலம் அதற்கு முன்னால் வருகிறது. மனை விற்றுத் தீர்ந்த நாளுக்கும் வீடுகள் நிரம்பும் நாளுக்கும் நடுவே கிடக்கும் ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளை மனதில் வைத்து யாரும் வரைபடம் போடுவதில்லை.

கணக்குக்கு ஒரு 12 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒத்தக்கடைக்கு அப்பால், முன்பக்கம் தார்ச்சாலை, பின்பக்கம் கண்மாய்க் கரை, ஒரு ஓரத்தில் ஓடை. 12 ஏக்கர் என்றால் 5,22,720 சதுர அடி. நாலில் ஒரு பங்குக்கு மேல் சாலைக்குப் போய்விடும். சாலை நீங்கலாக உள்ளதில் 10 சதவீதம் பூங்கா போன்ற திறந்தவெளிக்கு விட வேண்டும். மீதியைச் சராசரி 1,400 சதுர அடியாகப் பிரித்தால் 240 மனை கிடைக்கும். வாங்குபவர்களில் பாதிப் பேர் முதலீட்டுக்காக வாங்குவார்கள். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று சிலர், ஓய்வு பெற்ற பிறகு கட்டலாம் என்று சிலர். முதலில் 15 வீடு எழும்புகிறது என்று வையுங்கள். 16 மனைக்கு ஒரு வீடு. பக்கத்து வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது என்று சொல்ல, பக்கத்தில் வீடே இல்லை.

இதில் ஒன்றும் பெரிய மர்மம் கிடையாது. திருடனுக்கு வேண்டியது மூன்று: வீடு பூட்டியிருப்பது தெரிய வேண்டும், உடைக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது, தப்பிக்க இரண்டாவது வழி இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் வரைபடம் போடுபவரே தீர்மானித்துவிடுகிறார்.

போலீஸிடம் யார் கேட்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஒரு குடியிருப்புத் திட்டம் அனுமதிக்குப் போனால், அதைப் படித்துக் கருத்து எழுதுவதற்கென்றே காவல்துறையில் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உள்ளாட்சிகள் தம் முடிவு ஒவ்வொன்றிலும் குற்றத் தடுப்பைக் கருத வேண்டும் என்கிறது. கதவு, பூட்டு, வேலி, விளக்குக்குக் காவல்துறை ஆதரவோடு தரச்சான்று தரும் 'செக்யூர்ட் பை டிசைன்' திட்டம் 1989 முதல் நடக்கிறது.

நம் ஊரில் மனைப்பிரிவு ஒப்புதலுக்கு வருவாய்த்துறை, நீர்வளத்துறை என்று பல மேசைகளுக்குக் கோப்பு போகும். உயரமான அடுக்குமாடி என்றால் தீயணைப்புத்துறை, போக்குவரத்துப் போலீஸ் ஆகியோரின் கருத்தும் சேரும். சாதாரண லேஅவுட்டுக்குக் காவல் நிலையத்தின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதால் கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. வரைபடத்தின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அது போக வேண்டிய நேரம் முக்கியம். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வந்து, சாலையும் பூங்காவும் தானப் பத்திரமாக ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ எழுதிக் கொடுத்த பிறகு ஒரு தெருவை அரை அடி நகர்த்தவும் முடியாது. பென்சில் கோடாக இருக்கும்போதே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

எந்த ஸ்டேஷன் என்பதே முதல் கேள்வி. மதுரை நகருக்குக் கமிஷனர் தலைமையில் மாநகரக் காவல், சுற்றுப்புறத்துக்கு எஸ்.பி. தலைமையில் மாவட்டக் காவல். புறநகரில் ஊராட்சி எல்லை, வருவாய்க் கிராம எல்லை, காவல் நிலைய எல்லை மூன்றும் ஒரே கோட்டில் போகும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே லேஅவுட்டின் முன்பாதி ஒரு ஸ்டேஷன், பின்பாதி இன்னொன்று என்று விழுந்தால், இரண்டு ரோந்தும் அது தன் எல்லை இல்லை என்று நினைக்க இடமாகும். சர்வே எண்களை எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிவிடுவது நல்லது. புகார் கொடுப்பதில் மட்டும் எல்லைச் சிக்கல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம்.

கடிதத்தில் கேட்க வேண்டியவை சில. சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் கடந்த மூன்று ஆண்டில் பூட்டிய வீட்டுத் திருட்டு, சங்கிலிப் பறிப்பு, சாலை விபத்து எத்தனை, எந்த நேரத்தில், எந்த வழியாக வந்து போனார்கள்? இதில் 'எந்த வழியாக' என்பதுதான் வரைபடத்துக்கு உதவும். அனுபவமுள்ள ஒரு ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு நிலத்தை ஒரு சுற்று நடந்தால், கோப்பில் இல்லாத விஷயம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மறுகால் ஓடை கோடையில் பைக் போகும் பாதையாகிவிடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதுகைக் காட்டும் மனைகள்

இந்தப் பக்கத்து நிலங்களுக்கே உரிய சிக்கல் கண்மாய்க் கரை. கரை நெடுகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். வரைபடம் போடுபவர் மனைகளை முதுகோடு முதுகாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசி வரிசையின் முதுகைக் கரைப்பக்கம் திருப்பி நிறுத்திவிடுவார். வாஸ்துக்கும் விற்பனைக்கும் அதுதான் வசதி. விளைவு என்ன? அந்த வரிசை வீடுகளின் பின்கதவு, கிணற்றடி, குளியலறை ஜன்னல் எல்லாம் முள்காட்டைப் பார்த்தபடி இருக்கும். காட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு நாள் நோட்டம் பார்த்தாலும் கேட்க ஆள் இல்லை.

சரியான வழி, கரைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே ஒரு சாலை விட்டு, வீடுகளின் முகத்தைக் கரைப்பக்கம் திருப்புவது. வாசலும் மாடி பால்கனியும் கரையைப் பார்த்தால், காலையில் கோலம் போடுபவரில் இருந்து ராத்திரி போன் பேசியபடி உலாத்துபவர் வரை எல்லாருமே காவல்தான். இதில் லேஅவுட் போடுபவருக்கு நஷ்டம் உண்டு. 300 மீட்டர் நீளக் கரைக்கு 7.2 மீட்டர் சாலை என்றால் 2,160 சதுர மீட்டர், அதாவது 53 சென்ட் போகும். ஒரு பக்கம் மட்டுமே மனை உள்ள சாலை என்பதால் அவருக்கு மனசு வராது. நஷ்டத்தில் ஒரு பகுதியைப் பூங்காவைக் கொண்டு சரிக்கட்டலாம். திறந்தவெளியை நீளவாக்கில் அந்தச் சாலையோரமாக வைத்துவிட்டால் இடமும் வீணாகாது, பூங்காவை நாலு வீடும் பார்க்கும்.

பூங்கா பற்றியும் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் திறந்தவெளிக்குப் பதில் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே கொடுக்க வேண்டும். கொடுப்பார்கள். எதை? விற்க முடியாத முக்கோணத் துண்டை, ஓடையோரப் பள்ளத்தை. மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் சந்து. ஆறு மாதத்தில் காலி பாட்டிலும் சீட்டுக்கட்டும் சேர்ந்த இடமாகிவிடும், அப்புறம் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? குறைந்தது இரண்டு பக்கமாவது வீட்டு வாசல்கள் பார்க்கும்படி பூங்கா இருக்க வேண்டும். செடிகள் ஒரு மீட்டருக்கு மேல் வளரக் கூடாது, மரத்தின் கிளை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஆள் நிற்பது தெரியும்.

பழைய பாசனக் கிணறு ஏதாவது நிலத்துக்குள் இருந்தால், மனை விற்கும் முன்னே மூட வேண்டும், இல்லையென்றால் சுவரெழுப்பிக் கம்பி வலை போட வேண்டும். புல் மூடிய தரைமட்டக் கிணறு திருடனைவிடப் பெரிய ஆபத்து.

கேட் போட்டால் போதுமா?

'கேட்டட் கம்யூனிட்டி' என்று விற்கப்படும் பல மனைப்பிரிவுகளில் சாலைகள் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் போனவை. அவை பொதுச் சாலை. பொதுச் சாலையில் கேட்டைச் சாத்தி யாரையும் மறிக்க வாட்ச்மேனுக்கு உரிமை இல்லை. பக்கத்து நிலம் நாளை லேஅவுட் ஆனால் சாலையை அதோடு இணைக்கவும் சொல்வார்கள். ஆகவே கேட்டை நம்பிப் பாதுகாப்பைத் திட்டமிடுவது, வாடகை வீட்டை நம்பிக் கடன் வாங்குவது மாதிரி.

வாட்ச்மேன் கணக்கும் அப்படித்தான். ஒரு வாசலுக்கு 24 மணி நேரமும் ஆள் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 48 மணி நேரம் வைத்தால் மூன்றரைப் பேர், நடைமுறையில் நான்கு பேர் வேண்டும். நான்கு சம்பளத்தை 15 வீடு தாங்காது. அதனால்தான் கயிற்றுக்கட்டிலோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏஜென்ஸி மூலம் ஆள் எடுத்தால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் உள்ளதா என்று பாருங்கள். அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகள் காவலருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்கின்றன.

கேட்டைவிட உதவுவது வழிகளின் எண்ணிக்கை. வண்டி போக இரண்டு வாசல் போதும். ஒன்று அடைபட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வர இன்னொன்று. நுழைவு வளைவு ஐந்து மீட்டர் உயரமாவது இருக்கட்டும், பெயர் பொறிக்கும் ஆசையில் தாழ்த்திவிட வேண்டாம். முட்டுச்சந்தில் ரோந்து ஜீப் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும் என்றால் அந்தத் தெருவுக்குள் அது வராது.

பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி ஒன்று எப்படியும் உருவாகும். சுவரை இடித்தோ முள்கம்பியை வளைத்தோ ஜனங்கள் போவார்கள். அதை அடைத்து அடைத்துத் தோற்பதைவிட, நேராக, அகலமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும்படி நடைபாதையாகவே வரைந்து, பைக் நுழையாதபடி தூண் நட்டு, விளக்குப் போட்டுவிடலாம். சாயங்காலம் வேலை முடிந்து வரும் பெண்கள் அந்த வழியில்தான் வருவார்கள். சங்கிலி பறிப்பவனுக்குப் பைக் முக்கியம், பைக் போகாத வழியில் அவனுக்கு வேலை இல்லை.

எரியாத விளக்கு

குடியிருப்புத் தெருவுக்குச் சராசரி 4 லக்ஸ் வெளிச்சம், கொஞ்சம் போக்குவரத்துள்ள தெருவுக்கு 8 லக்ஸ் என்கிறது இந்தியத் தரநிலை எண் ஐ.எஸ். 1944. பௌர்ணமி நிலா தருவது ஏறக்குறைய கால் லக்ஸ். சராசரி மட்டும் சரியாக இருந்தால் போதாது. இருட்டான இடத்தின் வெளிச்சம் சராசரியில் 0.3 பங்குக்குக் குறையக் கூடாது. கம்பத்தடியில் பளீரென்றும் நடுவில் கும்மிருட்டாகவும் இருந்தால் கண் கூசி, இருட்டில் நிற்பவன் இன்னும் தெரியாமல் போவான். 30 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் 300 மீட்டர் தெருவுக்கு 11 கம்பம்.

ஆனால் விளக்கு எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் லக்ஸ் கணக்கு இல்லை, மின் இணைப்பு. கம்பம் நட்டிருக்கும், பல்பு இருக்கும், மீட்டர் இருக்காது. லேஅவுட் போட்டவர் எல்லாம் ஒப்படைத்தாயிற்று என்பார். குடியே வராத தெருவுக்கு எதற்குக் கரண்ட் பில் என்று ஊராட்சி யோசிக்கும். இந்த இழுபறி நடக்கும் காலமும் அந்த 15 வீட்டுக் காலமும் ஒன்றே. இணைப்பு எந்தத் தேதியில் யார் பெயரில் வரும், பொறுப்பு மாறும் வரை பில் யார் கட்டுவது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 11 கம்பத்தையும் ஒரேயடியாக எரிக்க வசதியில்லை என்றால், வாசல், குறுக்கு வழி, கரைச்சாலை, குடி வந்த தெரு என்று வரிசை வைத்து எரிக்கலாம். சோலார் விளக்கு வாங்கினால் பேட்டரிப் பெட்டி கம்பத்தின் காலடியில் வேண்டாம், முதல் வாரமே போய்விடும்.

கேமரா: எங்கே, எத்தனை நாள்?

கேமரா விஷயத்தில் எல்லாரும் எண்ணிக்கைக்குத்தான் மதிப்புத் தருகிறார்கள், அது எதைப் பார்க்கிறது என்பதற்கு இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காட்ட, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்ல 125 போதும். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். ஆக, 7.2 மீட்டர் சாலையின் குறுக்கே ஒரே ஒரு கேமராவை அளவாகப் பொருத்தினால் முகம் கிடைக்கும். அதே கேமராவைக் கம்ப உச்சியில் ஏற்றி, ரோட்டையும் பூங்காவையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று அகலமாக விட்டால் யாரோ இருவர் போனார்கள் என்பதுதான் தெரியும். உயரமும் மூன்று மீட்டர் அளவில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் ஹெல்மெட்டின் உச்சிதான் பதிவாகும்.

எப்படியும் ஹெல்மெட், மாஸ்க் போட்டுத்தான் வருவார்கள். எனவே வண்டி எண் வேண்டும். பைக்கின் பின் எண் பலகை 20 சென்டிமீட்டர் அகலம். மீட்டருக்கு 250 புள்ளி என்றாலும் பலகைக்கு 50 புள்ளிதான், ஒரு வரிசையில் ஐந்து எழுத்து என்றால் எழுத்துக்கு 10 புள்ளி. படிக்கத் திணறும். இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் அதுவும் வெளுத்துப் போகும். வாசலில் எண் பலகைக்கென்றே குறுகிய பார்வையுள்ள தனிக் கேமரா ஒன்று, அதன் முன் ஒரு வேகத்தடை. வண்டி மெதுவானால் எண் பதிவாகும்.

அடுத்தது சேமிப்பு. விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு கேமராவுக்கு நாளுக்கு 21.6 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 30 நாள் என்றால் 5.2 டிபி. கடைக்காரர் 1 டிபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் ஆறாவது நாளில் பழையது அழிய ஆரம்பிக்கும். பத்து நாள் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர் பீரோ உடைந்ததைப் பார்க்கும்போது பதிவு இருக்காது. படம் பதிவாகும் டிவிஆர் பெட்டியை வாட்ச்மேன் அறையில் வெளிப்பார்வைக்கு வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். குடி வந்த ஒரு வீட்டின் உள்ளறையில், யுபிஎஸ்ஸோடு, பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். டிவிஆர் 40 நிமிடம் பின்தங்கியிருந்தால், நெடுஞ்சாலைக் கேமராவில் வண்டியைத் தேடும் போலீஸ் தப்பான நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

பதிவை பென்டிரைவில் கொடுப்பதோடு வேலை முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டையும் குறிக்க வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியையும் நிபுணர் மறு பகுதியையும் நிரப்ப வேண்டும். கருவி யார் பொறுப்பு என்பதைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்தால் கோர்ட்டில் இழுபறி இருக்காது.

கட்டுமானக் காலமும் திருவிழாக் காலமும்

வீடு கட்டும்போது போவது நகை இல்லை. கம்பி, சென்ட்ரிங் தகடு, மோட்டார், செப்பு ஒயர். ஒயர் இழுத்த அன்றே சுவிட்ச் போர்டு வரை மாட்டிவிட வேண்டும், இழுத்த ஒயரை வாரக்கணக்கில் தொங்கவிட்டால் யாராவது உருவிக்கொண்டு போவார்கள். வேலையாட்களின் பெயர், ஊர், அடையாள அட்டை நகல் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். வாடகைக்கு விடும்போது குடிவருபவர் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவை இருக்கிறது.

பூட்டிய வீட்டைக் காட்டிக்கொடுப்பது எது என்று பார்த்தால் அற்ப விஷயங்கள்தான். வெளியே தொங்கும் பெரிய பூட்டு, கேட்டில் செருகிய பேப்பர், காலை எட்டு மணிக்கும் கோலம் இல்லாத வாசல். 15 வீடு உள்ள இடத்தில் 14 கோலம் இருந்தால் திருடனுக்குப் போதும். பூட்டு உள்ளுக்குள் அமைந்ததாக இருக்க வேண்டும். நாதாங்கிதான் என்றால், அரை இஞ்ச் ஸ்க்ரூவில் நிற்காமல் கதவை ஊடுருவிய போல்ட்டில் நிற்க வேண்டும். கடப்பாரை பூட்டை உடைப்பதில்லை, நாதாங்கித் தகட்டை மரத்திலிருந்து பெயர்க்கிறது.

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் இரவு ரோந்தில் சேர்ப்பார்கள். ஆனால் சித்திரைத் திருவிழா நாட்களில் நிலைமை வேறு. அழகர் மலையிலிருந்து இறங்கி, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, ஆற்றில் இறங்கும் வரை ஊரே வெளியே இருக்கும், போலீஸும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டின்போதும் அப்படித்தான். அந்த நாட்களுக்கு மட்டுமாவது சங்கம் கூடுதல் காவலாள் வைக்க வேண்டும். குடியிருப்போர் சங்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம். 500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டங்கள் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் பதிவாக வேண்டியவை, பெரும்பான்மை மனை முன்பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு.

ரோந்து விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். பீட் போலீஸ் வந்து கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை எல்லாரும் நுழைவாயிலில் வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் வண்டி கேட்டோடு திரும்பும். கரைப்பக்கக் கடைசித் தெருவில், குடி வந்த வீடு ஒன்றின் வாசலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துக்காகவே வண்டி முழு லேஅவுட்டையும் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

மனை வாங்கப் போகிறவர் பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி காரில் போய்ப் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. அமாவாசையை ஒட்டிய ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் துணைக்கு ஒருவரோடு போங்கள். எத்தனை கம்பம் எரிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் மனைக் கல்லில் நின்று, எந்த வீட்டு ஜன்னல் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, லொகேஷன் அனுப்பாமல் வாயாலேயே வழி சொல்லிப் பாருங்கள். 'பேஸ் 2, பிளாட் 47' என்றதும் அவர் எந்த பேஸ், எந்த நகர் என்று திரும்பக் கேட்டால், 112-க்குக் கூப்பிட்டாலும் இதே கேள்விதான் வரும். இரவில் ஒளிரும் தெருப் பெயர்ப்பலகையும் பத்து சென்டிமீட்டர் உயர எண்ணும் எப்போது வைப்பீர்கள் என்று, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே கேட்டுவிடுங்கள்.